டம்ளரின் விளிம்பு எங்கே போனது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பாட்டி வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய பாத்திரங்களையும், தினமும் கையில் புழங்கும் அடுக்களைச் சாமான்களையும் நாளுக்கு ஒன்றாகப் போனில் படமெடுத்து வருகிறாராம். எவர்சில்வரை எடுத்தால் தன் முகமும் ஜன்னல் கம்பியும் அதில் தெரிகின்றன. ஈயச் சொம்பு ஈயமாகத் தெரியவில்லை. படத்தைக் காட்டினால் ஒருவர் "சூப்பர்" என்கிறார், இன்னொருவர் "தட்டையா இருக்கு" என்கிறார், மூன்றாமவர் பின்னணியை மாற்றச் சொல்கிறார், நான்காமவருக்கு அந்தப் பின்னணிதான் பிடித்திருக்கிறது. "இதில் யார் பேச்சைக் கேட்பது? நல்ல கேமரா வாங்கினால் சரியாகிவிடுமா?" என்பது கேள்வி.

கேமரா வாங்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் பணம் போகும். நீங்கள் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை போனால் வந்தவை இல்லை. லட்ச ரூபாய்க் கேமராவை வைத்து எடுத்தாலும் எவர்சில்வர் உங்கள் முகத்தைக் காட்டத்தான் செய்யும்.

யார் பேச்சைக் கேட்பது என்றால், எல்லார் பேச்சையும் கேளுங்கள். ஆனால் அவர்கள் சொல்லும் மருந்தை வாங்கிக்கொள்ளாமல், வலியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வைத்தியரிடம் போகும் நோயாளி "இங்கதான் வலிக்குது" என்று கை வைத்துக் காட்டும் இடம் பொய்யாக இருக்காது. "சூடு பிடிச்சிருக்கு, வெந்தயம் போட்டா சரியாயிடும்" என்று அவரே சொல்லும் காரணமும் மருந்தும் சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். படம் பார்ப்பவரும் அப்படித்தான். எங்கே கண் தடுக்கியது என்பதை அவர்தான் சொல்ல முடியும். ஏன் தடுக்கியது என்று கண்டுபிடிப்பது எடுத்தவர் வேலை.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். பாத்திரக் கடைகளுக்கு விலைப்பட்டியல் படம் எடுத்துக் கொடுப்பது 20 வருடத்துக்கும் மேலாக என் பிழைப்பு. இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கடை முதலாளி. வேலை தொடங்கிய புதிதில் அவர் கடை டம்ளர்களை, சிறியதிலிருந்து பெரியது வரை, வெள்ளைப் பின்னணியில் எடுத்துக் கொண்டுபோனேன். நிழல் இல்லாமல், கறை இல்லாமல், சுத்தமான படம் என்று எனக்கு நிறைவாக இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். டம்ளரின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"விளிம்பு எங்க சார்?"

எனக்குப் புரியவில்லை.

"வாய் மடிச்சிருக்கு சார் இது. மடிச்ச டம்ளருக்கும் மடிக்காததுக்கும் விலை வேற. இதுல ரெண்டும் ஒண்ணு மாதிரில்ல இருக்கு? கொஞ்சம் கறுப்பா பிரிண்ட் போட்டுக் குடுங்க."

அவர் சொன்ன மருந்தையே செய்தேன். கறுப்பாகப் பிரிண்ட் போட்டதும் டம்ளர் அழுக்கேறியது போல ஆயிற்றே தவிர விளிம்பு வரவில்லை. மறுபடி பெட்டியைத் திறந்து, டம்ளரை எடுத்து வைத்து, அதைச் சுற்றி என் கையை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளருக்குப் பக்கவாட்டில் கை வந்தபோது ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. கையை எடுத்தால் கோடு போய்விட்டது. கறுப்புச் சார்ட்டை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, படத்துக்குள் விழாதபடி இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். மேலே ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். டம்ளரின் இரண்டு ஓரத்திலும் பேனாவால் இழுத்தது போலக் கோடு வந்தது, வாய் மடிப்பு உருண்டையாக எழுந்து நின்றது. முதலாளி பார்த்துவிட்டு, "இப்ப கையில எடுக்கலாம்" என்றார். விளிம்பு இல்லை என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கறுப்பாகப் போடச் சொன்னதுதான் பொருந்தவில்லை.

அதற்குக் காரணம் எளியது. பளபளக்கும் உலோகத்துக்குச் சொந்த முகம் கிடையாது. அதைப் படமெடுக்கும்போது நாம் எடுப்பது அதைச் சுற்றி இருப்பதைத்தான். வந்து விழுந்த கோணத்திலேயே ஒளி திரும்பும் என்று பள்ளிக்கூடத்தில் சமதளக் கண்ணாடிக்குப் படித்தது டம்ளருக்கும் பொருந்தும். டம்ளர் வளைவாக இருப்பதால் அறை முழுவதையும் சுருக்கித் தன் உடம்பில் ஏற்றிக்கொள்கிறது. நட்ட நடுவில் நீங்கள், கொஞ்சம் தள்ளி ஜன்னல், ஓரத்தை நெருங்க நெருங்க டம்ளருக்குப் பக்கத்திலும் பின்னாலும் இருப்பவை. பின்னால் வெள்ளை இருந்தால் ஓரமும் வெள்ளையாகிக் கரைந்துவிடும்.

ஆகவே எவர்சில்வர் எடுக்கும் நாளில் பாத்திரத்தைத் துடைப்பதில் செலவிடும் நேரத்தைப்போல இரண்டு மடங்கை அறையை ஒழுங்குபடுத்துவதில் செலவிடுங்கள். ஜன்னலுக்குக் குறுக்கே வெள்ளை வேட்டியை ஒற்றையாக இழுத்துக் கட்டுங்கள், கம்பி மறைந்துவிடும். வேட்டியே ஒரு பெரிய விளக்காகி, பாத்திரத்தில் கம்பி கம்பியாக விழுந்த வெளிச்சம் ஒரே பட்டையாக மாறும். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டை ஒன்று. ஓரத்துக்குக் கறுப்புச் சார்ட். நீங்கள் குறைந்தது 1 மீட்டர் தள்ளி நின்று, போனில் 2 மடங்கு நெருக்கி எடுங்கள். உங்கள் உருவம் கடுகாகச் சுருங்கிவிடும். அதுவும் வேண்டாம் என்றால் ஒரு வெள்ளைச் சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதற்குப் பின்னால் போனை வைத்து எடுக்கலாம். டம்ளரில் ஒரு புள்ளி மட்டும் மிஞ்சும். விலைப்பட்டியல் வேலையில் இருப்பவர்கள் பலரும் செய்வது இதைத்தான்.

தள்ளி நிற்பதால் இன்னொரு லாபமும் உண்டு. போனின் முக்கிய லென்ஸ் அகன்ற பார்வை உள்ளது. டம்ளர் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தால் வாய் அகலமாகவும் அடி சிறுத்தும் போகும். "என்னமோ டம்ளர் மாதிரி இல்ல" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கடையில் போலரைசர் வடிகட்டியைக் காட்டி, மாட்டினால் பிரதிபலிப்பு போய்விடும் என்பார்கள். கண்ணாடி, தண்ணீர், மெருகிட்ட பீங்கான் ஆகியவற்றில் ஓரளவு போகும். புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழிவந்த மெருகுக் கோப்பைகள் இந்த ஊரில் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றை எடுக்கும்போது நானே இந்த வடிகட்டியைப் போடுவேன். ஆனால் வெறும் உலோகத்திலிருந்து திரும்பும் ஒளியை அது கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. எவர்சில்வருக்காக அதை வாங்கிவிடாதீர்கள்.

ஈயச் சொம்பு வேறு கதை. "ஈயம் மாதிரி இல்ல, எவர்சில்வர் மாதிரி இருக்கு" என்று உங்கள் பாட்டி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கிடைத்த கருத்துகளிலேயே விலைமதிப்பு உள்ளது அதுதான். அவர் ஐம்பது வருடமாக அந்தச் சொம்பில் ரசம் வைத்தவர். அது வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதனால்தான் வெறுஞ்சொம்பை அடுப்பில் வைக்காமல், முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகு அடுப்பில் ஏற்றுவார்கள். மெத்தென்ற உலோகம். கையால் தட்டிச் செய்ததாக இருந்தால் உடம்பெல்லாம் சின்னச் சின்னப் பள்ளம் இருக்கும், புழங்கப் புழங்க நுண்ணிய கீறல்கள் சேரும். அதில் விழும் வெளிச்சம் ஒரு புள்ளியில் சுரீரென்று நிற்காது. பனி போலப் பரவி, மெல்ல மெல்ல நிழலுக்குள் போகும். எவர்சில்வரில் அந்த எல்லை கத்தி வைத்தது போல இருக்கும். உலோகங்களைக் கண் பிரித்தறிவது பெரும்பாலும் இந்த எல்லையை வைத்துத்தான். நீங்கள் அடுக்களை டியூப் லைட்டைப் போட்டு எடுத்திருக்கிறீர்கள். குறுகிய, கடுமையான வெளிச்சம் சொம்பின் மேல் ஒரு வெள்ளைக் கோடாக நின்றுவிட்டது. பாட்டியின் கண் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் "எவர்சில்வர்" என்று சொல்லியிருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, வேட்டி கட்டிய ஜன்னலுக்கு இரண்டடியில் சொம்பை வைத்து எடுத்துப் பாருங்கள்.

விளக்கை அணைப்பது எப்போதுமே நல்லது. ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், விளக்கு இன்னொரு நிறம். இரண்டும் கலந்தால் பாத்திரத்தின் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் இருக்கும், போனால் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. சுவரில் பச்சைப் பெயிண்ட் இருந்தால் அதுவும் எவர்சில்வரில் ஏறும்.

ஜன்னல் என்றதும் ஒன்று. வடக்கு ஜன்னல்தான் சிறந்தது, அங்கே நேர் வெயில் வராது என்று படம் சொல்லித்தரும் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதியது. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 12 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 20ஐ ஒட்டி சூரியன் நண்பகலில் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிட்டு, அதற்கு மேல் வடக்கே நகர்கிறது. ஆகஸ்ட் 20க்குப் பிறகுதான் திரும்பத் தெற்கே போகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலுக்குள் வெயில் சாய்வாக நுழையும். ஜூன் மாதத்தில் வடக்கு ஜன்னலை நம்பி உட்கார்ந்தால் ஏமாற்றம்தான், அப்போது தெற்கு ஜன்னல்தான் நிதானமானது. மார்கழியில் அப்படியே தலைகீழ்.

எனக்குப் பிடித்த பருவம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து ஏறி வரும் நாட்களில் வானம் முழுவதும் ஒரே வேட்டியாக விரிந்திருக்கும். கடலூரில் மழைக்காலம் என்றால் வீட்டுக்குள் தண்ணீர் வருமோ என்ற கவலையும் கூடவே வருகிறது, அதை மறந்துவிட்டுப் பேசவில்லை. மழை விட்டிருக்கும் ஒரு முற்பகலில், முற்றமோ தாழ்வாரமோ இருந்தால், பித்தளைத் தவலையை அங்கே கொண்டு வந்து வைத்துப் பாருங்கள். எந்தப் பெட்டியும் விளக்கும் அந்த ஒளியைத் தராது.

எல்லாவற்றுக்கும் மெல்லொளி பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மி இருக்கிறது. உங்கள் பட்டியலில் அதுவும் உண்டு, "கருப்பா ஒரு கல்லு, வேற ஒண்ணும் தெரியல" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மியின் உயிர் அதன் கொத்தலில் இருக்கிறது. தேய்ந்த அம்மியை உளியால் கொத்தி வாங்கியதும் அதன் மேல் அரிசி அரிசியாகப் பள்ளங்கள் விழும். மிளகாய் சிக்கி அரைபடுவது அந்தப் பள்ளங்களில்தான். மேலிருந்து வரும் பரவலான வெளிச்சத்தில் பள்ளம் தெரியாது, ஏனென்றால் நிழல் இல்லை. காலை ஏழு மணி வெயில் கிழக்கு வாசல் வழியாகத் தரையோடு தரையாக உள்ளே வரும்போது அம்மியை அதன் வழியில் வையுங்கள். ஒவ்வொரு கொத்தும் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலுமாக எழுந்துவிடும். நடுவில் குழவி ஓடி ஓடி வழவழப்பான பாதை, இரண்டு ஓரத்திலும் கொத்தல் மாறாத கல். அந்த அம்மியில் எத்தனை வருடம் அரைத்தார்கள் என்பதை அந்த வித்தியாசமே சொல்லும். முறம், ஓலைப்பெட்டி, தேங்காய் நார், இட்லித் துணி எல்லாவற்றுக்கும் இதே சாய்ந்த வெயில்தான்.

தோசைக்கல்லும் இட்லியும் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும் என்ற கணக்கில்தான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. அதனால் கறுத்த தோசைக்கல்லைச் சாம்பலாக வெளுக்க வைக்கும், வெள்ளை இட்லியைச் சாம்பலாக மங்க வைக்கும். திரையில் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, கல்லுக்குக் கீழே இறக்குங்கள், இட்லிக்கு மேலே ஏற்றுங்கள். இதோடு, ஒவ்வொரு முறையும் லென்ஸைத் துடையுங்கள். அடுக்களையில் புழங்கும் போனில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்காது, "மங்கலா இருக்கு" என்பதில் பாதி அந்தப் பிசுக்குத்தான்.

இனி கருத்து கேட்கும் விதத்துக்கு வருகிறேன். அதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள்.

"நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டுக் கேட்டால் என்ன சொல்வாரோ அதையே படத்துக்கும் சொல்வார். அது மரியாதை, கருத்து ஆகாது. அதற்குப் பதிலாக, படத்தை மூன்று வினாடி காட்டிவிட்டு மூடிவிடுங்கள். "என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். "ஒரு ஜன்னல், ஒரு பாத்திரம்" என்று அவர் சொன்னால், ஜன்னலைத்தான் முதலில் பார்த்திருக்கிறார். உங்கள் சொம்பு இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. பிறகு படத்தைக் கையில் கொடுத்து, "இது எதுல செஞ்சது?", "தூக்கினா கனமா இருக்குமா?", "இதுல எத்தனை பேருக்குச் சமைக்கலாம்?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் சரியான விடை வந்தால் படம் பேசுகிறது. தப்பான விடை வந்தால் பார்த்தவர் மேல் குற்றம் இல்லை. அவர் பேசும்போது குறுக்கே விளக்கம் சொல்லவே கூடாது. "இல்லீங்க, அன்னைக்கு வெளிச்சம் கம்மி" என்று ஆரம்பித்தால் அவர் அத்தோடு நிறுத்திக்கொள்வார். விளக்கம் தேவைப்படுகிற படத்தோடு நீங்கள் எல்லார் வீட்டுக்கும் போய் நிற்க முடியாது.

இந்த "எத்தனை பேருக்கு" என்ற கேள்வியை எனக்குத் தந்தவர் தேவனாம்பட்டினத்தில் இருந்த என் பெரியம்மா. ஒரு மண்சட்டியை எடுத்து, பெரிய பிரிண்டாகப் போட்டு அவரிடம் காட்டினேன். கையில் வாங்கிய உடனே, "இது குழம்பு வெக்காத சட்டி" என்றார். உண்மையில் அது அவர் வீட்டுச் சட்டிதான், வாரத்தில் நாலு நாள் மீன் குழம்பு கொதித்த சட்டி. நான் அதைத் தேய்த்துக் கழுவி, கரியில்லாத பக்கத்தை முன்னால் திருப்பி வைத்து எடுத்திருந்தேன். அடுத்த நாள் அவர் வீட்டிலேயே, பின்கட்டில், குழம்பைக் காலி செய்து ஒரு முறை அலசியதும் எடுத்தேன். அப்போதுதான் அந்தச் சட்டியை உண்மையாகப் பார்த்தேன். உள்ளே குழம்பு வழக்கமாக நிற்கும் உயரத்தில் எண்ணெய் குடித்த ஒரு வளையம். அதற்கு மேலே மண் வெளிறிய சிவப்பு, கீழே கறுப்பில் தோய்ந்த சிவப்பு. அடிப்பக்கம் விறகுத் தீ நக்கிய பக்கம் மட்டும் கரி தடித்து, மறுபக்கம் மெலிந்திருந்தது. விளிம்பில் கரண்டி தட்டித் தட்டி ஒரு சின்ன மூளி.

இரண்டாவது படத்தைப் பார்த்துப் பெரியம்மா சிரித்தார். "இப்ப சரி. ஆனா இது நாலு பேருக்கா, பத்து பேருக்கா, தெரியலியே" என்றார்.

அதுவும் சரிதான். தனியாக நிற்கும் பானைக்கு அளவு கிடையாது. உழக்கும் படியும் படத்தில் ஒன்றுதான். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்களோடு நம் ஊர்ப் பானை ஓடுகளும் குவியலாகக் கிடைத்தன. தொல்லியலாளர்கள் ஓடுகளைப் படமெடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோலை வைப்பார்கள், வெளிச்சத்தை மேல் இடதுபுறத்திலிருந்து வரும்படி அமைப்பார்கள். ஆயிரம் ஓடுகளையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட அதுதான் வழி. வீட்டுச் சட்டிக்கு அளவுகோல் வைத்தால் அலுவலகம் மாதிரி ஆகிவிடும். நான் ஒரு அகப்பையைச் சட்டியில் சாய்த்து வைத்தேன். கைப்பிடியின் நீளம் எல்லோருக்கும் தெரியும். எலுமிச்சம்பழம், பூண்டு, தீப்பெட்டி எதுவும் இந்த வேலையைச் செய்யும். உங்கள் படங்களில் குண்டானும் கிண்ணமும் ஒரே அளவாகத் தெரிவதற்கும் இதுவே மருந்து.

இதிலிருந்து ஒன்று கவனித்திருப்பீர்கள். பாத்திரத்தைப் பழகியவர், படம் தெரிந்தவர் என்று கருத்துச் சொல்பவர்கள் இரண்டு வகை. இருவரும் வேண்டும். படம் தெரிந்தவர் "ஒளி தட்டை, கோணம் உயரம்" என்று உங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லுவார். பாத்திரத்தைப் பழகியவர் சொல்வதை நீங்கள்தான் ஒளியின் மொழிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கஷ்டம்தான், ஆனால் அவர் பார்ப்பதைப் படம் தெரிந்தவரால் பார்க்கவே முடியாது. அரிவாள்மனையைக் காட்டினால் பாட்டி முதலில் அலகின் சாணையைப் பார்ப்பார். பாத்திரம் விற்பவர் விளிம்பைப் பார்ப்பார், ஈயம் பூசுகிறவர் உள்பக்கத்தைப் பார்ப்பார். ஆளுக்கு ஒரு கண். இதில் யார் பெரியவர் என்ற பேச்சே இல்லை.

"தட்டையா இருக்கு" என்றாரே ஒருவர், அவரிடம் திரும்பப் போய், "எந்த இடத்துல?" என்று மட்டும் கேளுங்கள். அந்தச் சொல்லுக்குள் மூன்று நான்கு வலிகள் ஒளிந்திருக்கும். வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக விழுந்தால் நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னால் மறைந்து தட்டையாகும். அப்போது வெளிச்சத்தைப் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். போனே நிழலை வெளுத்து, ஒளியை இறக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக ஆக்கியிருக்கலாம். அதற்கு அந்த எச்டிஆர் வசதியை அணைத்துப் பார்க்க வேண்டும். அல்லது பொருளும் பின்னணியும் ஒரே நிறமாக இருந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதற்குப் பொருளைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்தால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கிப்போய் அவர் போனில் அப்படித் தெரிந்திருக்கவும் கூடும். எந்த இடம் என்று தெரியாமல் நான்கு மருந்தையும் ஒன்றாகக் கொடுத்தால் எது கேட்டது என்பது கடைசி வரை தெரியாது.

பின்னணி விஷயத்தில் இருவர் நேர் எதிராகச் சொன்னது உங்களைக் குழப்பியிருக்கிறது. என் கணக்கில் அது நல்ல செய்தி. இரண்டு பேரும் பாத்திரத்தை விட்டுவிட்டுப் பின்னணியைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். ஒருவருக்குப் பிடித்தது, ஒருவருக்குப் பிடிக்கவில்லை, இருவர் கண்ணும் போன இடம் ஒன்றே. பூப்போட்ட அந்த மேசை விரிப்பு பாத்திரத்தைவிட உரக்கப் பேசுகிறது. அதை எடுத்துவிட்டுச் சிமெண்டுத் தரையிலோ பழைய பலகையிலோ வைத்து எடுங்கள். அந்த விரிப்பு உங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தால் அதையே தனியாக ஒரு நாள் எடுக்கலாம், குற்றமில்லை.

கருத்து கேட்ட அன்றே மறுபடி எடுக்காதீர்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், எந்த ஜன்னல், யார் என்ன சொன்னார் என்று அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதி வையுங்கள். "விளிம்பு எங்க" என்பதை "ஓர வரையறை குறைவு" என்று மாற்றி எழுதினால் பாதி போய்விடும். ஒரு ராத்திரி கழியட்டும். மறுநாள் அதே பொருள், அதே இடம், அதே நேரம், ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி எடுங்கள். பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது முந்தியது என்று சொல்லாமல் அதே ஆளிடம் காட்டுங்கள். நாளுக்கு ஒரு பாத்திரம் என்ற உங்கள் திட்டத்தில் எனக்கு உடன்பாடு இல்லாதது இங்கேதான். முப்பது நாளில் முப்பது பாத்திரம் எடுத்தால் ஒரே தப்பை முப்பது முறை செய்திருப்பீர்கள். முப்பது நாளில் ஐந்து பாத்திரம் போதும்.

1930இல் எட்வர்ட் வெஸ்டன் என்ற அமெரிக்கர் குடைமிளகாயை விடாமல் திரும்பத் திரும்ப எடுத்தார். உலகம் அறிந்த அந்தப் படத்தின் பெயரிலேயே 30 என்ற எண் நிற்கிறது. மிளகாயை அவர் வைத்தது ஒரு தகரப் புனலின் வாய்க்குள். புனலின் உள்சுவர் வெளிச்சத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் திருப்பித் தந்தது. நம் அடுக்களையில் எண்ணெய் ஊற்ற வைத்திருக்கும் அதே சாமான்தான். செக் நாட்டுப் பிராகா நகரத்தில் ஜோசப் சுதேக், முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர், தன் பட்டறையின் ஜன்னல் விளிம்பில் கண்ணாடித் தம்ளர், முட்டை, ரொட்டித் துண்டு என்று வருடக்கணக்காக எடுத்தார். ஜன்னல் ஒன்றுதான். அதில் வரும் வெளிச்சம்தான் நாளுக்கு நாள் மாறியது.

உங்களுக்கு இந்த வாரத்துக்கு ஈயச் சொம்பு. காலை ஒன்பது மணிக்குள், விளக்கை அணைத்து, வேட்டி கட்டிய ஜன்னல் இடது பக்கம் இருக்க, சொம்பைப் பலகையில் வையுங்கள். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், கைரேகை மட்டும் போகப் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள், பிறகு துணியாலேயே பிடித்து நகர்த்துங்கள். வலப்பக்கம் முதலில் ஒன்றும் வைக்காமல் ஒரு படம், தெர்மாகோல் வைத்து ஒன்று, கறுப்புச் சார்ட் வைத்து ஒன்று. மூன்றையும் பக்கத்து ஸ்டூடியோவில் 4க்கு 6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுப் பாட்டியிடம் கொடுங்கள், எது எப்படி எடுத்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். "இதுல எது நம்ம சொம்பு?" என்று கேட்டுவிட்டு அவர் முதலில் சொல்லும் வார்த்தையை அப்படியே எழுதி அனுப்புங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காமல் வந்து சேரும்.